மேம்பாலத்தால் ஊருக்கு என்ன வரவு? கணக்குப் போட நாலு வழி, தேறுவது எது

கிருஷ்ணகிரியில் ஒரு மேம்பாலம் வருகிறது, அல்லது தருமபுரி பைபாஸ் ஓரம் சர்வீஸ் ரோடு அகலமாகிறது என்று வைத்துக்கொள்வோம். இதனால் ஊருக்கு எவ்வளவு வரவு என்று கேட்டால், ஆளுக்கு ஒரு பதில் வரும். திட்ட அறிக்கை எழுதுகிற பொறியாளர் மிச்சமாகும் நேரத்தையும் டீசலையும் ரூபாயாக்கிக் காட்டுவார். மேடையில் பேசுகிறவர் இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்பார். மனை போடுகிறவர் சென்ட் விலையைச் சொல்வார். பொருளாதார ஆய்வு செய்கிறவரோ, "ரோடு வராத ஒரு ஊரைக் காட்டுங்கள், ஒப்பிட்டுச் சொல்கிறேன்" என்பார்.

நாலு பேரும் ஒரே சாலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் அளப்பது நாலு வேறு பொருள். என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கப் பொறியாளரின் கணக்கு. கட்டிய பிறகு ஊருக்கு என்ன ஆனது என்று பார்க்க ஆய்வாளரின் ஒப்பீடு. மனை விலையைத் துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம். வேலைவாய்ப்புக் கணக்கை விட்டுவிடலாம்.

நேரமும் டீசலும்

நம் நாட்டில் நெடுஞ்சாலைத் திட்டங்களின் பொருளாதார மதிப்பீட்டுக்கு அடிப்படை, சாலைக்கான தரநெறிகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்பி 30 கையேடு. அது பார்ப்பது முக்கியமாக மூன்று: வண்டி ஓட்டும் செலவு, பயண நேரம், விபத்து. இவற்றில் குறைவதெல்லாம் பலன், கட்டவும் பராமரிக்கவும் ஆவது செலவு. இருபது, முப்பது வருடப் பலனை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து செலவோடு தட்டிப் பார்ப்பார்கள். 12 சதவீத வருவாய் விகிதம் தேறினால் திட்டம் பாஸ் என்பது நெடுநாள் பழக்கம்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மேம்பாலத்தால் ஒரு வண்டிக்கு 6 நிமிடம் மிச்சம், ஒரு நாளைக்கு 20,000 வண்டி. அது 2,000 மணி நேரம். ஒரு வண்டியின் ஒரு மணி நேரத்துக்கு ₹100 என்று வைத்தால் நாளுக்கு ₹2 லட்சம், வருடத்துக்கு ₹7.3 கோடி. இருபது வருடத்துக்கு, போக்குவரத்து கூடாமல் அப்படியே இருக்கிறது என்று கொண்டு, பின்னால் வரும் ரூபாய்க்கு இன்று மதிப்பு குறைவு என்பதால் வருடத்துக்கு 12 சதவீதத்தில் கழித்தால் இன்றைய மதிப்பு சுமார் ₹54.5 கோடி. 8 சதவீதத்தில் கழித்தால் சுமார் ₹71.7 கோடி. பாலத்தின் செலவு ₹60 கோடி என்றால் முதல் கணக்கில் அது நஷ்டம், இரண்டாவதில் லாபம். 6 நிமிடத்தை 5 ஆக்கினால் 8 சதவீதத்திலும் 60ஐத் தொடாது. ரோட்டில் ஒன்றும் மாறவில்லை, தாளில் ஒரு எண்தான் மாறியது. ஆகவே திட்ட அறிக்கையைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கத்து விகிதத்தைப் பார்க்கும் முன் எத்தனை நிமிடம், என்ன கழிவு விகிதம், போக்குவரத்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் கூடும் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

இத்தனை குறை இருந்தும் இந்த முறையை நான் விடமாட்டேன், காரணம் தொப்பூர். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்தக் கணவாயில் லாரி பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகளில் மோதுவது எங்களுக்குப் பழகிப்போன செய்தி. டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள் என்று போலீஸ் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அங்கே பாதையைச் சீர்செய்தால் கிடைக்கும் முதல் பலன் உயிர். நாலு முறைகளில் அதை நேரடியாகக் கணக்கில் ஏற்றுவது இது ஒன்றுதான். உயிருக்கு ரூபாய் போடுவது சங்கடம்தான். ஆனால் போடாவிட்டால் கணக்கில் அது பூஜ்யமாக நின்றுவிடும், அது இன்னும் மோசம்.

சரி, இதன் பெரிய ஓட்டை எது? பலன் யாருக்கு என்று இது கேட்பதில்லை. ஓசூரில் சரக்கு ஏற்றி நாமக்கல் போகும் லாரிக்குக் கிருஷ்ணகிரியில் 6 நிமிடம் மிச்சமானால், அந்தப் பணம் கிருஷ்ணகிரியில் இறங்குவதில்லை. இன்னொன்று, தருமபுரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போகும் பஸ். பெங்களூரிலிருந்து சேலம் போகும் ஒரு பஸ்ஸில் நேராகப் போகிறவர்கள் 40 பேர், ஆளுக்கு 15 நிமிடம் மிச்சம், மொத்தம் 600 நிமிடம். தருமபுரியில் இறங்குகிறவர்கள் 6 பேர், இருட்டில் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஆளுக்கு 20 நிமிடம், மொத்தம் 120. ஆட்டோக் காசு தனி. நேரக் கணக்கில் 480 நிமிடம் லாபம் என்று வரும். நாட்டுக்கு அது சரியான விடைதான். ஆனால் அறிக்கையின் தலைப்பில் 'தருமபுரி நகர மேம்பாடு' என்று போட்டுவிட்டு இந்த 480ஐக் காட்டக் கூடாது.

நிமிடக் கணக்கில் விழாத இன்னொன்று, நம்பகம். பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி ஏற்றுகிறவருக்குச் சராசரியாக 10 நிமிடம் குறைவது பெரிதல்ல. விடிகாலை மார்க்கெட்டுக்கு இந்த நேரத்துக்குள் சேர்ந்துவிடும் என்ற உறுதிதான் பெரிது. ஏலம் முடிந்து போய்ச் சேரும் பெட்டிக்கு அன்றைய விலை கிடைக்காது. சராசரியை மட்டும் அளக்கிற கணக்கு இதைக் கண்டுகொள்ளாது.

இத்தனை பேருக்கு வேலை

இதன் வழி எளிது. ₹100 கோடி செலவானால் சிமென்ட், கம்பி, ஜல்லி, கூலி என்று அது பிரிகிறது. அவை ஒவ்வொன்றும் இன்னும் சிலதை வாங்க வைக்கின்றன. எந்தத் தொழில் எதனிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் உள்ளீடு–வெளியீடு அட்டவணை வைத்து இந்தச் சங்கிலியைப் பெருக்குவார்கள். அட்டவணையை உருவாக்கிய பொருளாதார அறிஞர் லியோன்டீஃபுக்கு 1973இல் நோபல் கிடைத்தது, கருவியில் குறையில்லை. அதைக் கொண்டுவந்து இங்கே வைப்பதில்தான் குறை. மாவட்ட அளவில் அப்படியொரு அதிகாரபூர்வ அட்டவணை நம்மிடம் கிடையாது, நாட்டு அளவு எண்ணைத்தான் எடுத்து ஒட்டுகிறார்கள். நாட்டுக்குள் சுற்றும் பணமெல்லாம் கிருஷ்ணகிரிக்குள் சுற்றுவதாக அது காட்டிவிடும். உண்மையில் இங்கே தங்குவது ஜல்லியும் எம்-சாண்டும் லாரி வாடகையும் சாப்பாட்டுக் கடையும். கம்பியும் தாரும் வெளியிலிருந்து வருகின்றன.

அதைவிடப் பெரிய கோளாறு, அதே ₹100 கோடியை ஏரி தூர்வாரச் செலவழித்தாலும் ஏறக்குறைய இதே மாதிரி ஒரு எண் வரும். பாலம் யாருக்காவது பயன்பட்டதா என்று அந்த எண் சொல்லாது. யாருமே ஏறாத பாலத்துக்கும் அதே வேலைவாய்ப்புதான். தொப்பூரில் ஒரு விபத்து நடந்து கிரேனும் ஒர்க்ஷாப்பும் ஓடினால்கூட இந்தக் கணக்கில் அது வரவுப் பக்கம் போய் உட்காரும். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

சென்ட் என்ன விலை?

மனை விலையை அளவுகோலாக்குவதில் ஒரு நியாயம் உண்டு. சாலையால் வரும் நன்மை எல்லாம் கடைசியில் நிலத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், ஆகவே நிலத்தைப் பார்த்தால் போதும் என்பது வாதம். ஊருக்குள் எந்தப் பகுதிக்கு லாபம், எதற்கு நஷ்டம் என்று தெருவாரியாகக் காட்டும் வசதியும் இதற்குண்டு.

ஆனால் எந்த விலை? பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பை எடுத்தால், 2017 ஜூனில் தமிழகம் முழுக்க அதை 33 சதவீதம் குறைத்தார்கள். 2016ஐயும் 2018ஐயும் ஒப்பிடுகிற ஒருவருக்கு, புதுப் பாலம் பக்கத்து மனையெல்லாம் மூன்றில் ஒரு பங்கு சரிந்ததாகத் தெரியும். பத்திர எண்ணிக்கையை எடுக்கலாம் என்றால், 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தச் சரிவையும் ரோட்டின் தலையில் கட்டிவிடலாம். பத்திரத்தில் எழுதும் விலையும் கைமாறும் விலையும் வேறு என்பது ஊருக்கே தெரிந்தது. போதாக்குறைக்கு, விலை ஏறுவது பாலம் திறக்கும் அன்று இல்லை, 'சர்வே கல் நட்டாங்க' என்று பேச்சு கிளம்பும் அன்று. திறப்பு விழாவுக்கு முன், பின் என்று பார்த்தால் ஏற்றம் முழுக்க 'முன்' பக்கம் போய்விடும்.

இன்னொரு தவறு, நல்ல அறிக்கைகளில்கூட கண்ணில் படுவது: மிச்சமான நேரத்தின் மதிப்பையும் போட்டு, மனை விலை ஏற்றத்தையும் மேலே கூட்டுவது. பெங்களூர் போக அரை மணி குறைந்ததால்தான் அந்த மனை விலை ஏறியது. ஒரே பலனை இரண்டு முறை எழுதினால் எந்தத் திட்டமும் லாபம்தான்.

ரோடு வந்த ஊரும் வராத ஊரும்

இதில் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் ஒரு தனிக் கதை இருக்கிறது. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலையின் சென்னை–பெங்களூர் பக்கம் கிருஷ்ணகிரி வழியாகப் போகிறது. தருமபுரி அதில் இல்லை. அது ஸ்ரீநகர்–கன்னியாகுமரி வடக்கு–தெற்குத் தடத்தில் இருக்கிறது. நாற்கரச் சாலையைப் பற்றிய பேர்பெற்ற ஆய்வு ஒன்று இப்படித்தான் ஒப்பிட்டது: சாலையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் மாவட்டங்களில் தொழில் உற்பத்தி என்ன ஆனது, 10 முதல் 50 கிலோமீட்டர் தள்ளி இருப்பவற்றில் என்ன ஆனது. அதோடு, மேம்பாடு தாமதமான வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்குத் தடங்களையும் எதிரில் வைத்துப் பார்த்தது. நாற்கரச் சாலையை ஒட்டிய இடங்களில்தான் வளர்ச்சி கூடுதல் என்று கண்டது. இன்னோர் ஆய்வு, சாலை மேம்பட்ட ஊர்களில் தொழிற்சாலைகள் கையிருப்பில் வைக்கும் மூலப்பொருளைக் குறைத்துக்கொண்டதைக் கண்டது. லாரி நேரத்துக்கு வரும் என்றால் குடோனில் பணத்தை முடக்க வேண்டாம். மேலே தக்காளியில் சொன்ன நம்பகம் இங்கேதான் எண்ணாக மாறுகிறது.

அப்படியானால் கிருஷ்ணகிரியைச் சாலை வந்த ஊராகவும் தருமபுரியை வராத ஊராகவும் வைத்து நாமே ஒரு கணக்கு போடலாமா? ஆசையாக இருக்கும், செய்யக் கூடாது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை நாற்கரச் சாலைக்கு வெகு முன்பே வந்துவிட்டது, பெங்களூர் பக்கத்திலேயே இருக்கிறது. சாலை வராமலே போயிருந்தாலும் கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியைவிட வேகமாகத்தான் ஓடியிருக்கும். புள்ளிவிவரமும் ஒத்துழைக்காது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். பொருளாதாரக் கணக்கெடுப்பு நடந்தது 1998, 2005, 2013இல். அதில் 1998 எண்களில் இரண்டும் சேர்ந்து 'தருமபுரி'. தாலுகா வாரியாகப் பிரித்தெடுக்காமல் வரைபடம் போட்டால் 2005இல் தருமபுரி பாதியாகச் சுருங்கிவிட்டது போல இருக்கும்.

நகருக்குள் நடக்கும் ஒரு மேம்பாலத்துக்கு மாவட்ட ஒப்பீடு பெரிய வலை, மீன் நழுவிவிடும். அங்கே தெருவைத் தெருவோடு ஒப்பிடுவதே மேல். கிருஷ்ணகிரி ராயக்கோட்டை மேம்பாலம் மாதிரி ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் சாலையில் ஒரு கடை வரிசை, அதே ஊரில் வேலை நடக்காத இன்னொரு சாலையில் ஒரு கடை வரிசை. இரண்டிலும் கடை எண்ணிக்கை, பூட்டிய ஷட்டர், வாடகை, அட்வான்ஸ், என்ன வியாபாரம் என்று எழுதிவைக்க வேண்டும். அட்வான்ஸ் முக்கியம். வாடகையைக் கேட்டால் வரிக்குப் பயந்து குறைத்துச் சொல்வார்கள், அட்வான்ஸ் எவ்வளவு என்பது பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியும். தோண்டுவதற்கு முன் ஒரு தடவை, தோண்டும்போது ஒரு தடவை, திறந்த பிறகு இரண்டு தடவை எண்ணலாம். இங்கிலாந்தில் பெரிய நெடுஞ்சாலைத் திட்டங்களைத் திறந்து ஓராண்டிலும் ஐந்தாண்டிலும் போய்ப் பார்க்கும் வழக்கம் உண்டு, அந்த இடைவெளி நமக்கும் பொருந்தும்.

நடுவில் ஒரு தடவை என்று சொன்னது சும்மா இல்லை. வாசலில் பள்ளமும் தகரத் தடுப்பும் இருக்கும்போது மூடிய கடை, பாலம் திறந்த பிறகு வேறு ஆள் பேரில் திறக்கும். முன்னும் பின்னும் மட்டும் எண்ணினால் கடை எண்ணிக்கை சமம், நஷ்டமே இல்லை என்று வரும். மூடிப்போனவர் எந்த அறிக்கையிலும் இருக்க மாட்டார். அதேபோல பைபாஸ் பிரியும் இடத்தில் புதிதாக முளைத்த பஞ்சர் கடை, பழைய ரோட்டில் மூடிய பஞ்சர் கடையே இடம் மாறியதாக இருக்கலாம். அதைப் புது வியாபாரமாக எழுதக் கூடாது.

மாதமும் ஒன்றாக இருக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசனில், கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா காய் லாரியும் ரோட்டோரத் தள்ளுவண்டியும் சேர்ந்த மே, ஜூனில் 'முன்' கணக்கை எடுத்துவிட்டு, 'பின்' கணக்கை நவம்பரில் எடுத்தால் மேம்பாலம் ஊரைக் கெடுத்துவிட்டது என்றே தோன்றும்.

இந்த முறையின் தொல்லை காலம். பதில் வரும்போது பாலம் கட்டி முடிந்திருக்கும், கட்டலாமா என்று கேட்டவர் மாற்றலாகிப் போயிருப்பார். அதனால்தான் முடிவெடுக்கும் கட்டத்தில் பொறியாளரின் கணக்கை விட்டால் வேறு வழியில்லை என்கிறேன். பலன் ஊருக்குள் எவ்வளவு, கடந்து போகிறவருக்கு எவ்வளவு என்று இரண்டு வரியாகப் பிரித்துப் போடச் சொல்ல வேண்டும், அவ்வளவே. வண்டி எங்கிருந்து எங்கே போகிறது என்று நிறுத்திக் கேட்கும் கணக்கெடுப்பைத் திட்ட அறிக்கைக்காக எப்படியும் செய்கிறார்கள். பிரிப்பதற்கான தகவல் அதிலேயே இருக்கிறது.

இப்போது இதையெல்லாம் செய்து பார்க்கத் தோதான இடம், ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரி வரும் 844ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. பெங்களூரிலிருந்து சேலம் போகிற வண்டிக்குக் கிருஷ்ணகிரியைத் தொட வேண்டிய அவசியமே இல்லாமல் செய்யும் வழி அது. பாலக்கோட்டில் டீக்கடை கூடியதை மட்டும் எண்ணுகிறவர் பாதிக் கணக்கைத்தான் போடுகிறார். மீதிப் பாதியை எண்ண, பழைய வழியான 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டினத்துக்கும் நடுவில் ரோட்டோர ஓட்டல்களில் ராத்திரி எத்தனை லாரி நிற்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும்.