ஆன்லைனில் ஸ்லீப்பிங் பேக் வாங்கப் போறீங்களா? 8,499 ரூபாயைப் பறிகொடுத்தவள் எழுதுகிறேன்

ஊர் திரும்பி நாலு நாள்தான் ஆகிறது. இடது கால் பெருவிரலில் மரமரப்பு இன்னும் போகவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். போனது 8,499 ரூபாய். சாயங்காலம் ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசு.

அரையாண்டு விடுமுறையில் உத்தராகண்டில் இருக்கும் கேதர்காந்தா என்ற இமயமலைச் சிகரம் ஏறுவது என்று நாங்கள் ஐந்து பேர் ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம். டேராடூனிலிருந்து ஒரு பகல் முழுக்க வண்டியில் போனால் சங்க்ரி கிராமம், அங்கிருந்து நடை. உச்சி 12,500 அடி. உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டோம். டெண்டும் சாப்பாடும் அவர் பொறுப்பு, உள்ளே புகுந்து படுத்துக்கொள்ளும் ஸ்லீப்பிங் பேக் எங்கள் பொறுப்பு. வெள்ளியங்கிரி நாலு தடவை ஏறியிருக்கிறேன். அங்கே ஒரு கம்பளியும் குல்லாவும் இருந்தால் போதும். பனியில் படுப்பது இதுதான் முதல் தடவை. அதனால் இந்த ஒரு சாமானில் மட்டும் காசைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன்.

மலையேற்றச் சாமான்கள் மட்டும் விற்கும் ஆன்லைன் கடை அது. புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. "மைனஸ் 10 டிகிரி, 650 ஃபில் டவுன்" என்று கொட்டை எழுத்தில் விளம்பரம். டவுன் என்பது வாத்தின் நெஞ்சுப் பகுதியில் இருக்கும் மென்தூவி. எடை குறைவு, நன்றாக உப்பிக் காற்றைப் பிடித்து வைக்கும், கதகதப்பு அந்தக் காற்றில்தான். 650 ஃபில் என்பது அது எவ்வளவு உப்பும் என்பதற்கான எண். கடை நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, எந்த மாசம் போறீங்க? ஜூடா கா தாலாப்ல ஒரு நைட்டு, பேஸ் கேம்ப்ல ஒரு நைட்டு, கரெக்டா?"

அங்கேதான் விழுந்தேன். ஏரியின் பெயர் வரை சொல்கிறவர் அந்தக் குளிரை அனுபவித்திருப்பார் என்று நினைத்துவிட்டேன். "போன ஜனவரி நானே இதுலதான் படுத்தேன். உள்ளே வேர்த்துடுச்சுக்கா. எங்கம்மா போனாலும் இதைத்தான் குடுத்து அனுப்புவேன்." அம்மாவை இழுத்துச் சொன்ன பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை. கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம், யூபிஐயில் போட்டால் 500 குறைத்து 8,499 என்றார். போனை வைத்த பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டேன்.

பை வந்ததும் விரித்துப் பார்த்தேன். உள் தையலில் லேபிள் இருக்க வேண்டிய இடத்தில் கத்தரித்த துணி நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் தையல் கோடு முழுக்க வெளிச்சம் தெரிந்தது. கேட்டதற்கு, "பழைய ஸ்டாக் லேபிளை எடுத்துட்டோம்கா, தைரியமா கொண்டு போங்க" என்றார். அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

ஏரிக் கரையில் முதல் ராத்திரி எப்படியோ கழிந்தது. பேஸ் கேம்ப் 11,000 அடிக்கு மேல். ராத்திரி பதினொரு மணிக்கு டெண்டுக்குள் மைனஸ் 7 என்றாள் தோழி. இரண்டு ஸ்வெட்டர், மேலே ஜாக்கெட், மூன்று ஜோடி காலுறை போட்டுக்கொண்டு பைக்குள் கிடந்தேன். தையல் கோடு போன இடமெல்லாம் முதுகில் ஜில்லென்று ஏறியது. ஒரு மணிக்கு மேல் தாடை தானாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பேச முயன்றால் வார்த்தை குழறியது. தோழி பயந்து வழிகாட்டியை எழுப்ப, அவர் வெந்நீர் பாட்டிலைக் காலடியில் வைத்து, தன் பையையே எனக்குக் கொடுத்துவிட்டு சமையல் டெண்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த மனுஷனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்று மணிக்கு மற்ற நாலு பேரும் உச்சிக்குக் கிளம்பினார்கள். என்னை அனுப்ப முடியாது என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். ஒரு வருஷக் கனவு டெண்டுக்குள்ளேயே முடிந்தது.

காலையில் பையின் ஓரத்தில் தையல் பிரிந்து ஒரு பிசிறு வெளியே வந்திருந்தது. டெண்டுக்கு வெளியே கல்லில் வைத்து லைட்டரைக் காட்டினேன். தூவியாக இருந்தால் முடி பொசுங்கும் நாற்றம் வரும். இது உருகி, கடுகு மாதிரிக் கெட்டியாகக் கறுத்து உருண்டது. சுத்த பாலியஸ்டர்.

ஊருக்கு வந்து போன் செய்தால் முதலில், "லைனர் போடலையாக்கா?" (பைக்குள் போட்டுக்கொள்ளும் மெல்லிய உறைதான் லைனர்.) அடுத்த நாள், "கீழே போட்ட மேட் சரியில்லாம இருந்திருக்கும்." மேட் முக்கியம்தான், உடம்பு அழுத்தும் பக்கம் எந்தப் பையும் தட்டையாகிவிடும். ஆனால் மற்ற நாலு பேரும் அதே மேட்டில்தான் தூங்கினார்கள். மூன்றாம் நாள் அக்கா மேடமாகிவிட்டேன். "மேடம், மைனஸ் 10ங்கிறது எக்ஸ்ட்ரீம் ரேட்டிங். கம்ஃபர்ட் பிளஸ் 8. இது தெரியாம ஹிமாலயாஸ் போனா நாங்க என்ன பண்றது?" பிளஸ் 8! இதை விற்கும்போது சொல்ல வாய் வரவில்லையா? உருகின பஞ்சைப் பற்றிக் கேட்டேன், பதில் இல்லை. பயன்படுத்திய பொருள், ரிட்டர்ன் தேதி முடிந்தது, வேண்டுமானால் 500 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்றார்கள். அவர்கள் பக்கத்தில் நான் போட்ட கமெண்ட் ஒரு மணி நேரத்தில் காணோம். இப்போது நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். 8,499 ரூபாய் வாங்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ் வந்தது.

பை தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரமாக இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் ஒரே ஒரு டிகிரி போட்டிருந்தால் அது எந்த டிகிரி என்று எழுத்தில் கேளுங்கள். ஐஎஸ்ஓ 23537 தரப்படி சோதித்த பையில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண் இருக்கும். கம்ஃபர்ட் எண் பெண் உடம்பை வைத்துக் கணக்கிட்டது, லிமிட் ஆண் உடம்பை வைத்து. எக்ஸ்ட்ரீம் என்பது ஒரு பெண் ஆறு மணி நேரம் உயிர் பிழைத்திருக்கும் அளவு. அதில் தூங்க முடியாது. பெண்கள் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். லேபிள் இல்லாத பை வேண்டாம். தையலில் வெளிச்சம் தெரிந்தால் அன்றைக்கே திருப்புங்கள். ஒரு தடவைப் பயணம் என்றால் வாங்கவே வேண்டாம், சங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டேன். ஆன்லைன் கடைக்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 விதி. அந்தக் கடையின் பக்கத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை. இதே மாதிரி பேச்சைக் கேட்டு யாராவது வாங்கியிருந்தால் பில், யூபிஐ ரசீது, பேசின மெசேஜ் எல்லாவற்றையும் இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எனக்கு வந்த மெசேஜ்களில் பாதியை அவர்கள் அழித்துவிட்டார்கள்.