படகில் ஸ்பிரிட் அடுப்பு: 6 வருட அனுபவம்

போன வாரம் என் ஸ்பிரிட் (எத்தனால்) அடுப்பைத் தாங்கும் கிம்பல் முளைகளை, அதாவது அடுப்பு தொங்கி ஆடும் அச்சுகளை, மாற்றினேன். 6 வருடத்தில் இது இரண்டாவது முறை. கைக்கரி போவதற்குள் நண்பர் ஒருவர் கூப்பிட்டு, "சின்னப் படகுக்கு ஸ்பிரிட் அடுப்பு வாங்கலாமா?" என்று கேட்டார்.

என்னுடையது 26 அடிப் பாய்மரப் படகு. கேஸை ஒதுக்கியதற்கு ஒரே காரணம் பயம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் படகின் அடிவயிற்றில் இறங்கித் தேங்கிவிடும். அப்புறம் ஒரு பொறி போதும். அதனால்தான் சிலிண்டருக்குக் காற்றுப் புகாத தனிப் பெட்டியும், கசிவு வெளியே வடிய ஒரு குழாயும் கட்டாயம் வேண்டும். என் படகில் அந்தப் பெட்டிக்கு இடமே கிடையாது. ஸ்பிரிட் அடுப்பில் பம்ப் இல்லை, அழுத்தம் இல்லை. டப்பாவுக்குள் பஞ்சு மாதிரி ஒரு திணிப்பு எரிபொருளை உறிஞ்சி வைத்திருக்கும். இத்தனை வருடத்தில் ஒரு இரவுகூட அடுப்பை நினைத்து விழித்ததில்லை. இது பெரிய விஷயம்.

கோபமெல்லாம் கிம்பல் மேல்தான். படகு சாய்ந்தாலும் அடுப்பு மட்டமாக நிற்க வேண்டும் என்று முன்னும் பின்னும் இரண்டு முளைகளில் தொங்கவிடுகிறார்கள். காலி அடுப்பை ஆட்டிப் பார்த்தால் அழகாக ஆடும். ஆனால் இந்த அடுப்பு எடையே இல்லாதது. 2 லிட்டர் தண்ணீரோடு பாத்திரத்தை ஏற்றியதும் மொத்தக் கனமும் முளைக்கு மேலே போய்விடுகிறது. தொங்க வேண்டிய அடுப்பு தலைகீழாகக் கவிழப் பார்க்கிறது. முதல் வருடமே கொதிநீர் என் காலில் கொட்டியது. விற்றவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசியில் நானே அடியில் 3 கிலோ ஈயத்தகட்டை போல்ட் போட்டு இறுக்கினேன். அன்றோடு கவிழ்வது நின்றது. ஆனால் அந்தக் கனத்துக்கு முளை தேய ஆரம்பித்தது. இப்போது போட்டிருப்பது தடிமனான, 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல். பொருத்தும்போதே அடுப்பை 30 டிகிரி சாய்த்து, பின்பக்கம் எங்கும் இடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மற்றபடி, தண்ணீர் கொதிக்க நேரமாகும். எடைக்கு எடை பார்த்தால் எத்தனாலில் கேஸின் சூட்டில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எனக்கு அது பழகிவிட்டது. பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது, அதில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. அணைத்து, நன்றாக ஆறிய பிறகு, டப்பாவை வெளியே எடுத்துத்தான் நிரப்ப வேண்டும். எரியாத நேரத்தில் ரப்பர் மூடியைப் போடாவிட்டால் ஸ்பிரிட் ஆவியாகிப் போய்விடும்.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். அவர் படகில் சிலிண்டர் பெட்டிக்கு இடம் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. நாளைக்கு அதைக் கேட்க வேண்டும்.