ஒரு லித்தியம் பேட்டரியும் 14 மாதக் கணக்கு நோட்டும்

எங்கள் வண்டியில் ஓட்டுவது என் கணவர் வேலை, மின்சாரக் கணக்கு என் வேலை. ஓய்வு பெற்ற கையோடு பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கிறோம். முதல் ஆண்டில் டீசலுக்கு அடுத்தபடியாகக் காசை விழுங்கியது முகாம் வாடகைதான், அதுவும் மின் இணைப்பு உள்ள இடங்களின் வாடகை. காரணம், வண்டியோடு வந்த 110 ஆம்பியர்-மணி (எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்பதன் அளவு) ஈய அமிலப் பேட்டரி. மேலே 110 என்று எழுதியிருந்தாலும், அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் கரைந்துவிடும். ஆக, கைக்கு வருவது 55. மறுநாள் மேகம் போட்டால் பிளக் இருக்கும் இடம் தேடி ஓட வேண்டியதுதான்.

14 மாதங்களுக்கு முன் அதைக் கழற்றிவிட்டு, 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றை வைத்தோம். பெரிய பெயரில்லாத, நடுத்தர விலைப் பொருள். பழையதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இது 11 கிலோ சொச்சம், நானே இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். கொள்ளளவு முழுவதையும் பயன்படுத்தலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி.

விற்றவர் சொன்னது: "பழையதை எடுத்துட்டு இதை வெச்சா போதும்." போதாது. லித்தியம் பேட்டரி கிடைக்கிற மின்சாரத்தையெல்லாம் ஒரே மூச்சில் இழுக்கும். நேரடியாக இணைத்தால், என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சூடேறிப் பழுதாகலாம். இடையில், மின்சாரத்தை அளவோடு அனுப்பும் ஒரு டிசி-டிசி சார்ஜர் வேண்டும். எங்களுடையது 30 ஆம்பியர், இரண்டு மணி நேரம் ஓட்டினால் 60 ஆம்பியர்-மணி வரை ஏறும். இந்தச் செலவையும் பேட்டரி விலையோடு சேர்த்தே பாருங்கள்.

அடுத்த குறை, பேட்டரியில் எவ்வளவு மீதி என்று போனில் காட்டும் செயலி. மூன்றாம் மாதம் ஒரு நாள், படுக்கப் போகும்போது 60 சதவீதம் என்று காட்டியது. விடியற்காலை மூன்று மணிக்கு எல்லாம் அணைந்து, ஃப்ரிட்ஜின் சத்தம் நின்றதில்தான் விழித்தேன். பேட்டரிக்குள் இருக்கும் மின்னணுப் பலகை சிறிய மின்னோட்டங்களைச் சரியாக எண்ணுவதில்லை. முழு சார்ஜ் ஆகாத நாட்கள் சேரச் சேரப் பிழையும் சேர்ந்துகொண்டே போகிறது. வோல்ட்டைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. முக்கால் இருந்தாலும் கால் இருந்தாலும் கிட்டத்தட்ட 13 வோல்ட்தான் காட்டும்.

சரி என்று பேட்டரியின் நெகட்டிவ் கம்பியில், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஒரு ஷன்ட் மீட்டர் பொருத்தினோம். அன்றைக்குத்தான் வீட்டுக்குள்ளேயே திருடன் இருப்பது தெரிந்தது. பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர்! எதுவுமே செருகாமல் சும்மா இருக்கும்போதும் ஒரு ஆம்பியருக்கு மேல் குடித்துக்கொண்டிருந்தது; ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 ஆம்பியர்-மணி. எங்கள் மொத்தத் தேவையே 60தான்: கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்கு 35, மீதி மின்விசிறி, விளக்கு, தண்ணீர் பம்பு, போன், லேப்டாப். கூரையில் உள்ள 200 வாட் சோலார் பேனல்கள் நல்ல வெயில் நாளில் 45 தரும். இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டே இருந்தால் தினமும் 40 துண்டு விழும், மூன்றாம் நாள் கதை முடிந்தது. அணைத்து வைத்தால் துண்டு 15 மட்டுமே, ஆறு நாள் ஓடும். (அதற்கு முன்பே கழிவறைத் தொட்டி நிரம்பிவிடும், அது வேறு கதை.) இப்போது லேப்டாப்பையும் 12 வோல்ட் சார்ஜரிலேயே போடுகிறோம். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வாடகை கொடுத்தது போய், இப்போது இரண்டு நாள் கொடுக்கிறோம், அதுவும் துணி துவைக்க.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இந்தப் பேட்டரியில் சார்ஜ் ஏற்றக்கூடாது. ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். ஒரு மலைப்பகுதியில் காலை வெயில் பேனலில் பளீரென்று அடிக்க, மீட்டர் அசையவே இல்லை. பேட்டரி கெட்டுவிட்டது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். உண்மையில் அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வெளிப்பெட்டியிலிருந்து இருக்கைக்கு அடியில் மாற்றி வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

பேனல் விஷயத்தில் என் தவறும் உண்டு. இரண்டையும் தொடராக இணைத்திருந்தேன். கூரைக் காற்றுப்போக்கியின் நிழல் ஒன்றில் விழுந்தாலே வரவு சரிந்தது. பக்க இணைப்பாக மாற்றினேன், சரியாகிவிட்டது.

மழைக்காலத்தில் ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிற்பவர்கள் இதை நம்பி வாங்காதீர்கள். வெயில் இல்லாவிட்டால் ஒன்றரை நாள்தான். வாரம் இரண்டு முறை வண்டியை நகர்த்துபவர்களுக்குத் தாராளமாகப் போதும்.

அப்புறம், மின்சாரக் கெட்டில் ஆசை வேண்டாம். 1,500 வாட் கெட்டிலை அவர் ஆசை ஆசையாக வாங்கி வந்து போட்டார். அது கேட்டது 120 ஆம்பியருக்கு மேல், பேட்டரியின் உச்சவரம்பு 100. நொடியில் வண்டி முழுக்க இருட்டு. இன்னும் அட்டைப்பெட்டியோடு மேல் அலமாரியில்தான் இருக்கிறது. தூக்கிப் போடலாம் என்றால் விடமாட்டேன் என்கிறார்.