மாநிலக் கல்லூரியும் கிறித்தவக் கல்லூரியும்

சென்னையின் பழைய கல்லூரிகளான இவ்விரண்டில் எது மூத்தது என்று கேட்டால் கிறித்தவக் கல்லூரிதான். 1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளி அதன் வேர். மாநிலக் கல்லூரியின் தொடக்கப் பள்ளி 1840இல் வந்தது. இரண்டும் சென்னைப் பல்கலைக்கழகத்தைவிட (1857) வயதில் மூத்தவை. மூன்றாண்டு இடைவெளியை வைத்துப் பெருமை பேசுவதில் எனக்கு ஆர்வமில்லை.

இடத்தில்தான் பெரிய வேறுபாடு. கட்டடக் கலைஞர் சிசோம் வடிவமைத்த செங்கல் கட்டடத்தில், மெரினாவைப் பார்த்தபடி, 1870 முதல் மாநிலக் கல்லூரி இருந்துவருகிறது. கிறித்தவக் கல்லூரியோ நூறாண்டு நிறைந்த 1937இல் நகரத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குப் போனது. துணிச்சலான முடிவு, இன்று அந்த வளாகத்தின் மரங்களே அதற்குச் சான்று.

அறிவியல் என்றால் மாநிலக் கல்லூரியின் பக்கமே என் தட்டு தாழும். சர் சி.வி. ராமன், சந்திரசேகர் என நோபல் பெற்ற இருவர் அங்கே படித்தவர்கள்.

தமிழுக்கு வந்தால் தீர்ப்புச் சொல்வது கடினம். 1903இல் கும்பகோணத்திலிருந்து மாநிலக் கல்லூரிக்கு வந்த உ.வே.சாமிநாதையர், 1919 வரை அங்கே பாடம் நடத்தினார். அங்கே வந்த அடுத்த ஆண்டே, 1904இல், சங்க நூலான பதிற்றுப்பத்தை ஏடுகளிலிருந்து பதிப்பித்தார். கல்லூரி முன்பு கடலை நோக்கி நிற்கும் அவர் சிலையைப் பலர் பெயர்கூடப் படிக்காமல் கடந்துபோவது வருத்தம் தருகிறது. கிறித்தவக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பரிதிமாற்கலைஞர் இருந்தார். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்கும் முயற்சியை எதிர்த்துப் போராடியவர் அவர். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று அன்றே எழுதியவர். 34 வயதுகூட நிறையாமல் 1903இல் மறைந்தார்.

ஏடுகளைக் காத்தவரா, வகுப்பறையில் தமிழின் இடத்தைக் காத்தவரா என்றால், என் மனம் ஒரு நூல் அளவு பரிதிமாற்கலைஞர் பக்கமே சாய்கிறது.