லிஸ்டிங் எடுப்பதா, தானே வாங்குவதா? ஷார்ட் சேலில் இறங்கும் ஏஜென்ட்டுக்கு

கலிஃபோர்னியாவில் ரியல் எஸ்டேட் லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஷார்ட் சேலில், அதாவது லோன் பாக்கியை விடக் குறைந்த விலைக்கு பேங்க் சம்மதத்தோடு வீட்டை விற்பதில், இறங்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. லோன் கட்ட முடியாமல் திணறுபவரின் வீட்டை அவர் சார்பில் விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்கலாம். இதுதான் லிஸ்டிங். இல்லை, அப்படி ஒரு வீட்டைத் தானே வாங்கி, பழுது பார்த்து, லாபத்துக்கு விற்கலாம். எதுவானாலும் கடைசி வார்த்தை பேங்குடையதுதான். லோன் பாக்கி 5 லட்சம் டாலர், வீடு 4,20,000-க்குத்தான் போகும் என்றால், கிடைப்பதை வாங்கிக்கொண்டு வீட்டை விடுவிக்க பேங்க் சம்மதிக்க வேண்டும்.

லிஸ்டிங் வழிக்குக் கைக்காசு அதிகம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். ஏன் கட்ட முடியவில்லை என்று வீட்டுக்காரர் எழுதும் கடிதம், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், வரிக் கணக்கு, நீங்கள் அவருக்காகப் பேசலாம் என்ற கையெழுத்து, வாங்குபவரின் ஆஃபர் எல்லாம் பேங்குக்கு ஒரே கட்டாகப் போக வேண்டும். மாதக்கணக்கில் இழுத்தால் ஸ்டேட்மென்ட் பழசாகிவிட்டது என்று திரும்பக் கேட்பார்கள்.

அப்புறம் வீட்டின் மதிப்பைச் சொல்ல பேங்க் வேறொரு ஏஜென்ட்டை அனுப்பும். பி.பி.ஓ. (புரோக்கர் பிரைஸ் ஒபினியன்) என்பது இதுதான். தொழில் தெரிந்த லிஸ்டிங் ஏஜென்ட் அன்று வீட்டில் இருப்பார். அஸ்திவார விரிசலை நேரில் காட்டுவார். கூரை மாற்ற கான்ட்ராக்டர் கொடுத்த எஸ்டிமேட்டையும், அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்ற விலைகளையும் கையில் கொடுப்பார். மதிப்பு எக்கச்சக்கமாக எழுதப்பட்டுவிட்டால் நல்ல ஆஃபரும் எடுபடாது. இரண்டாவது லோன் இருந்தால் இன்னொரு தலைவலி. அந்த லோன் கொடுத்தவருக்கு முதல் பேங்க் சில ஆயிரம் டாலர்தான் ஒதுக்கும். அவர் மறுத்தால் விற்பனை நின்றுவிடும்.

கமிஷன் விற்ற பணத்திலிருந்து வரும், பேங்க் அதைக் குறைக்கவும் செய்யலாம். வீட்டுக்காரரிடம் முன்பணம் என்ற பேச்சே வேண்டாம். ஆனால் அவருக்கு நீங்கள் செய்யும் உதவி பெரியது. ஒன்று முதல் நான்கு குடியிருப்பு வரையுள்ள வீட்டை எழுத்துமூல சம்மதத்தோடு ஷார்ட் சேலில் விற்றால், மீதிக் கடனைக் கேட்டு பேங்க் துரத்த முடியாது. 2011 ஜூலையிலிருந்து கலிஃபோர்னியா சட்டம் அப்படி. தள்ளுபடியான தொகைக்கு வரி வருமா என்பதை மட்டும் கணக்காளரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

வாங்கும் வழியில் லாபம் பெரிதாகத் தெரியும், கட்டுப்பாடும் கூடவே வரும். ரகசிய ஒப்பந்தம் எதுவும் இல்லை, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உறவில்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். விற்பவரின் லோன் ஃபேனி மே (பேங்குகளிடமிருந்து வீட்டு லோன்களை வாங்கும் நிறுவனம்) கையில் இருந்தால் 30 நாளுக்குள் மறுவிற்பனை கூடாது. 31 முதல் 90 நாள் வரை, வாங்கிய விலையில் 120 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எஃப்.ஹெச்.ஏ. (அமெரிக்க அரசு உத்தரவாதம் தரும்) லோனில் வாங்க வருபவருக்குப் பொதுவாக 90 நாள் கழித்துத்தான் விற்க முடியும். அதுவரை வட்டி, வரி, இன்ஷூரன்ஸ் உங்கள் தலையில்.

நோட்டீஸ் ஆஃப் டிஃபால்ட் (தவணை கட்டவில்லை என்ற அறிவிப்பு) பதிவாகி, உரிமையாளர் குடியிருக்கும் வீட்டை முதலீட்டுக்காக வாங்கினால் தனி ஒப்பந்தச் சட்டம் பொருந்தும். விற்பவர் ஐந்து வேலை நாள் வரை மனம் மாறலாம். இதைத் தெரியாமல் ஒப்பந்தம் போட்டால் லைசென்ஸுக்கே ஆபத்து.

லோன் கட்டாத வீட்டைக் கடனுக்காக ஏலம் விடும் ஃபோர்க்ளோஷர் ஏலம் புதியவருக்கு ஒத்துவராது. முழுப் பணமும் தயாராக வேண்டும், உள்ளே போய்ப் பார்க்க முடியாது.

என் கருத்தில் முதலில் லிஸ்டிங். பேங்க் எப்படி யோசிக்கிறது என்பதை அடுத்தவர் வீட்டை விற்கும்போதுதான் கற்க முடியும். இரண்டையும் ஒரே வீட்டில் கலக்கவே கூடாது. நெருக்கடியில் உங்களை நம்பி வந்தவருக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டே, அவர் வீட்டைக் குறைந்த விலைக்கு நீங்களே எடுக்க நினைப்பது துரோகம்.

வாங்கும் நாள் வரும்போது விற்பவருக்கு வேறொரு ஏஜென்ட் இருக்கட்டும். நீங்கள் லைசென்ஸ் உள்ளவர் என்பதை ஆஃபரிலேயே எழுதிக் கொடுங்கள். பேங்குக்குப் போகும் ஆவணக் கட்டிலும் அந்த வாசகம் இருக்க வேண்டும்.