பசியாறியாச்சா, டீச்சர்?

மூன்று வருடம் கழித்துப் பெர்த்திலிருந்து பினாங்கு வந்தேன். வழக்கமாக வந்த மறுநாள் காடி நேராக நாசி கண்டார் கடைக்குத்தான் போகும். இந்த முறை மருத்துவமனைக்குப் போனது. அக்காவுக்கு எட்டு வாரத்துக்கு முன்பு இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 'ஸ்லீவ்' என்கிறார்களே, அது. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் போலக் குழாயாக விட்டுவிடுவார்கள். அன்றைக்கு நாங்கள் போனது அதற்குப் பிந்திய மன ஆலோசனைக்கு.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். 9.30 மணிக்கு வரச் சொன்னவர்கள் 11.10க்குத்தான் கூப்பிட்டார்கள். உணவு ஆலோசகரைப் பார்ப்பது வேறு நாள், வேறு மாடி. ஒரே கதையை இரண்டு இடத்தில் ஒப்பிக்க வேண்டும். கையில் கொடுத்த தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அதில் ஓட்ஸ் உண்டு, ப்ரோக்கோலி உண்டு. இட்லி இல்லை, ரொட்டி சானாய் இல்லை. 2023 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்புப்படி மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அதில் நம்மவர்களுக்குக் குறைவில்லாத பங்கு உண்டு. தமிழில் ஒரு தாள் அடித்தால் என்னவாம்? தமிழ்ப்பள்ளி ஆசிரியையான அக்கா சிவப்புப் பேனாவை எடுக்காததே ஆச்சரியம்.

ஆனால் உள்ளே இருந்த ஆலோசகர் அந்தக் கோபத்தை மறக்கடித்தார். நம்ம பெண், முப்பது வயது இருக்கலாம்.

"பசியாறியாச்சா, டீச்சர்?"

"ஆச்சும்மா."

"பசிச்சுச்சா, இல்ல நேரமாச்சுன்னு சாப்பிட்டீங்களா?"

அக்கா பதில் சொல்லவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு நம் ஊரில் பேரே பசியாறுவது. பசித்ததா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

வெட்டி எடுத்த பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெருமளவு சுரக்கிறதாம். அதனால் முதல் சில மாதங்களுக்குப் பசி அடங்கிக் கிடக்கும், பிறகு மெல்லத் தலைதூக்கும். பழக்கத்தை மாற்ற அதுவே நல்ல நேரம் என்றார். மென்று தின்பது, சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிந்தது கைக்கு வரவில்லை என்பதுதான் சிக்கல்.

தினமும் சாப்பாட்டுக் குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார்கள். அக்கா எழுதவில்லை. ஆலோசகர் திட்டவில்லை. "எழுதிடுவேன்கிற நம்பிக்கை 0லேர்ந்து 10 வரைக்கும் எவ்வளவு?" என்றார். அக்கா 4 என்றாள். நானாக இருந்தால் "ஏன் 8 இல்லை?" என்று கேட்டிருப்பேன். அவர், "ஏன் 2 சொல்லல?" என்றார். உடனே அக்கா தன் பக்கம் வாதாட ஆரம்பித்துவிட்டாள்: பாடக் குறிப்பை இருபது வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதியவள், இது என்ன பிரமாதம்! 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' என்கிறார்கள் இதை. குடிப்பழக்கம் உள்ளவர்களுக்குச் சிகிச்சை தந்த அனுபவத்திலிருந்து வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் எழுதிய முறை இது, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்தார். காரணத்தை நாம் சொன்னால் அவர்கள் எதிர்வாதம் செய்வார்கள். அவர்கள் வாயாலேயே வந்தால் நிற்கும்.

அங்கேயே உட்காரவைத்து முந்தின நாளை எழுத வைத்தார். என்ன, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து, எவ்வளவு பசி, என்ன மனநிலை. மூன்று வேளையும் ஒழுங்காகத்தான் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு மட்டும், தாள் திருத்தும் மேசையில், பசி 'இல்லை', முறுக்கு. சுருங்கிய வயிறு ஒரு தட்டு சோற்றைத் தடுக்கும். கொறிப்பதைத் தடுக்காது. முறுக்கும் பிஸ்கட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும், போன எடையும் அந்த வழியாகவே திரும்பும்.

"டப்பாவைக் கண்ணுல படாத இடத்துல வைங்க, மேசையில வேண்டாம்" என்றார். அப்புறம் 'இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்' என்று ஒரு வரி எழுதச் சொன்னார். அக்கா எழுதியது: தாள் கட்டைப் பிரித்ததும் கை டப்பாவைத் தேடினால், எழுந்துபோய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். "அதையும் மீறி ஒண்ணு சாப்பிட்டா, போச்சுன்னு டப்பாவைக் காலி பண்ணாதீங்க. ஒண்ணுன்னு எழுதிட்டு மூடிடுங்க."

பிறகுதான் வேடிக்கை. ஆலோசகர் கல்யாண வீட்டு அத்தையாக மாறி, இல்லாத கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "ஒரு கரண்டி பாயசம்தானே கண்ணு, மூஞ்சி வத்திப் போச்சே!" என்று விரட்டினார். அக்கா முதல் தடவை, "சரி, கொஞ்சமா" என்று தோற்றாள். இரண்டாவது தடவை, "டாக்டர் திட்டுவார் அத்தை." அதுவும் சரிப்படவில்லை, அத்தைக்கு டாக்டர் ஒரு பொருட்டா? மூன்றாவது தடவை, "வேணாம் அத்தை, வயிறு நிறைஞ்சிருக்கு. இப்படி உட்காருங்க, பேசுவோம்." அது நின்றது.

சிரித்துக்கொண்டிருந்த மாமாவையும் விடவில்லை. வேலை முடிந்து வரும்போது கடையில் சாப்பாடு கட்டி, தாபாவ் பண்ணிக்கொண்டு வருவது அவர்தான். அக்கா மேல் அவருக்கு உள்ள பாசம் முப்பது வருடமாகப் பொட்டலத்தில்தான் வந்திருக்கிறது. "வேற எப்படிக் காட்டலாம், சார்?" என்று கேட்டதும் மனிதர் முகம் சிவந்துவிட்டது.

அடுத்த சந்திப்பு நான்கு வாரம் கழித்து. பெர்த்திலிருந்து வீடியோவில் நானும் சேரலாமா என்று முகப்பில் கேட்டேன். அதற்குப் படிவம் இல்லை என்றார்கள். சரி, அக்கா தினமும் இரவு குறிப்பைப் படம் பிடித்து அனுப்புகிறாள். நேற்று வந்தது: 5.10, முறுக்கு 1, பசி இல்லை. மனநிலை என்ற கட்டத்தில், 'ஆறாம் ஆண்டுக் கட்டுரை, 34 தாள்'.