எக்செல் சார்ட்: கணக்கு சரி, படத்தைத்தான் நம்ப முடியாது

எண்களைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்-எஃப்1 அழுத்தினால் மறுநொடியே சார்ட் வந்துவிடும். மைக்ரோசாஃப்ட் எக்செலின் பலம் அது. வம்பும் அங்கேதான்: செங்குத்து அச்சை (ஆக்ஸிஸ்) எந்த எண்ணில் தொடங்குவது என்பதை நம்மைக் கேட்காமல் அதுவே முடிவுசெய்கிறது.

2011 கணக்கெடுப்பின் எழுத்தறிவு விகிதம்: தமிழ்நாடு 80.09, மகாராஷ்டிரம் 82.34, இமாச்சலம் 82.80. மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறியதற்கும் உள்ள இடைவெளி, பெரியதில் ஆறில் ஒரு பங்கைவிடக் குறைந்தால் எக்செல் அச்சைப் பூஜ்ஜியத்தில் தொடங்காது. கோட்டுப் படத்துக்கு இது பரவாயில்லை. தூண் படத்திலோ (column chart) கண் பார்ப்பது தூணின் உயரத்தை. அச்சு 79இல் தொடங்கினால் இமாச்சலத்தின் தூண் நம்முடையதைவிட மூன்றரை மடங்கு உயரம். உண்மை வித்தியாசம் 2.71 புள்ளிதான். அச்சைத் தேர்ந்து கன்ட்ரோல்-1 அழுத்தி, மினிமம் என்ற இடத்தில் 0 போடுங்கள். மூன்று தூணும் ஒரே உயரமாகத் தெரிந்தால் அதுதான் சேதி. மூன்று எண்ணுக்கு அட்டவணையே போதும்.

கோட்டுப் படத்தில், அதாவது லைன் சார்ட்டில், வேறொரு சிக்கல்; அது இதைவிட மோசம். இந்திய எழுத்தறிவு 1951இல் 18.33, 1991இல் 52.21, 2001இல் 64.84, 2011இல் 72.99. ஆண்டுகளை வெறும் எண்களாக அடித்திருந்தால், லைன் சார்ட் அவற்றைப் பெயர்களாகப் பாவித்துச் சம இடைவெளியில் அடுக்கும். 40 ஆண்டும் 10 ஆண்டும் ஒரே அகலம். முதல் துண்டுதான் செங்குத்தாக ஏறும். ஆனால் ஆண்டுக்கு எவ்வளவு என்று வகுத்தால் 0.85, 1.26, 0.82, முதல் துண்டு இரண்டாவதைவிட மெதுவானது! ஆண்டுகளையும் எண்களாகவே எடுத்துக்கொள்ளும் ஸ்கேட்டர் வகைக்கு மாற்றினால் சரியாகிவிடும். 1951 எண் 5 வயதுக்கு மேற்பட்டோருக்கானது, 1991 முதல் உள்ளவை 7 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை. அந்த அடிக்குறிப்பை எந்த மென்பொருளும் போட்டுத் தராது.

காலிக் கட்டங்களை இடைவெளியாக விடுவது நல்ல இயல்பு. ஆனால் ஃபார்முலா வெற்று உரையைத் தந்தால் அது காலி ஆகாது; கோடு பூஜ்ஜியத்துக்குச் சரியும். அங்கே என்ஏ ஃபங்ஷனை, அதாவது NA(), போட வேண்டும். முப்பரிமாண வட்டப் படத்தை (பை சார்ட்) பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை: முன்னால் இருக்கும் துண்டு பெரிதாகத் தெரியும், தொடாதீர்கள்.

ஆய்வு மாணவர்கள் அதிகம் சறுக்குவது எரர் பாரில், அதாவது மதிப்பு எவ்வளவு பிசகலாம் என்று காட்டும் சிறு பட்டையில். ஸ்டாண்டர்ட் எரர் என்ற தேர்வைச் சொடுக்கினால், வரைந்த புள்ளிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஒரு மதிப்பைக் கணக்கிட்டு எல்லாத் தூணின் மேலும் ஒட்டிவிடும். ஒவ்வொரு குழுவின் பிழையும் அதில் இல்லை. குழுவாரியாகத் திட்டவிலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துத் தனி நெடுவரிசையில் வைத்து, கஸ்டம் வழியாக அதைக் கூட்டல், கழித்தல் இரண்டுக்கும் காட்டுங்கள். எரர் பார்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கும் சார்ட்டைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.